ஒரே மையில் எழுதிய பதிவேடு

(சேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைச் செய்திகள் சில விடப்பட்டுள்ளன.)



பணியிடத்தில் பாகுபாடு என்று ஒரு புகார் வந்தால் நிர்வாகம் என்ன செய்ய வேண்டும், அதையொட்டி அரசு விசாரணை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கு போனாலும் இதை இரண்டு கேள்வியாகப் பிரித்துத்தான் கேட்கிறார்கள். புகாரை எச்.ஆர். பார்த்துக்கொள்வார், இன்ஸ்பெக்டர் வந்தால் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று வேலையையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அதிகாரியின் ஜீப் கேட்டுக்குள் நுழைவதை விசாரணையின் முதல் நாளாக முதலாளிகள் எண்ணுகிறார்கள். என் கணக்கில், ஒரு தொழிலாளி தன் மேஸ்திரியிடம் முதன்முதலாக வாய் திறந்தாரே, அதுதான் முதல் நாள். அன்று நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும்தான் அதிகாரி பின்னால் வந்து பார்க்கிறார்.

இந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. நாமக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினராகச் சில காலம் இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தில் சைடராக வேலை பார்த்த ஒரு பெண், மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தை பேசுகிறார், மேலே கை வைக்கிறார் என்று ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு வேஸ்ட் ரூம். அவரோடு அதே காலனியிலிருந்து வருகிற இன்னும் இரண்டு பெண்களுக்கும் வேஸ்ட் ரூம். கழிவுப் பஞ்சைப் பிரித்து மூட்டை கட்டும் அந்த அறையில் காற்றோட்டம் கிடையாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

விசாரணையன்று நிர்வாகம் ஒரு ஷிப்ட் பதிவேட்டை மேசையில் வைத்தது. வேஸ்ட் ரூம் வேலை எல்லோருக்கும் முறைவைத்து மாறி மாறி வந்திருப்பதாக அதில் இருந்தது. மூன்று மாதப் பக்கங்கள், ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, ஒரே சாய்வு. எனக்கு மையைவிடத் தாள்தான் உறுத்தியது. நூற்பாலைக்குள் ஒரு வாரம் கிடந்த எந்தப் பொருளிலும் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கும். எண்ணெய்க் கை பட்ட பெருவிரல் தடம் ஒன்றாவது ஓரத்தில் இருக்கும். அந்தப் பதிவேடு கடையிலிருந்து வந்த அன்றைய வெள்ளையோடு இருந்தது.

அந்தப் பெண் டிபன் பையிலிருந்து ஒரு சின்ன டயரியை எடுத்தார். புத்தாண்டுக்கு உரக்கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. முனைகள் நைந்து, ஒரு தரம் மழையில் நனைந்து காய்ந்தது போல் உப்பியிருந்தது. தேதி, அதன் பக்கத்தில் ஷிப்ட், அதன் பக்கத்தில் ஒற்றை எழுத்து: 'வே'. பக்கம் பக்கமாக 'வே'. சில நாள் பென்சில், சில நாள் சிவப்பு மை. "எதுக்கும்மா இதையெல்லாம் எழுதி வெச்சே?" என்று கேட்டேன். "யாருங்கம்மா நம்ம பேச்ச நம்புவாங்க? அதான் எழுதி வெச்சேன்" என்றார்.

இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியவற்றைத்தான் இன்று எண் போட்டுச் சொல்லப் போகிறேன்.

1. 'எல்லாரும் ஒரே குடும்பம்' என்ற பேச்சை முதலில் விட்டுவிட வேண்டும். அந்த ஆலையின் முதலாளி நல்ல மனிதர். என்னிடம் மனதார வருந்தினார்: "எங்க மில்லுல சாதியே பாக்கறதில்லைங்க மேடம். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரித்தான் இருக்கோம்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் உட்காரும் அறையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் நம் குடும்பங்களில் ஒரு மருமகள் குறை சொன்னால் என்ன நடக்கிறது? பெரியவர்கள் கூடி, 'விடும்மா, அனுசரிச்சுப் போ' என்பார்கள். ஆலையையும் அதே குடும்பமாக்கினால் புகாருக்கும் அதே பதில்தான் கிடைக்கும். புகார் சொன்னவர் குடும்ப மானத்தைக் கெடுத்தவராகிவிடுவார். கூலி வாங்கி வேலை செய்பவருக்கு முதலாளியிடம் இருப்பது உறவுமுறை கிடையாது, உரிமை. உரிமை என்று ஒப்புக்கொண்டால்தான் புகாரை வாங்கி எழுதவே கை வரும்.

2. முதல் நாளில் செய்ய வேண்டிய வேலைகள் மிகச் சில. சொன்னதைச் சொன்னவர் வாய்மொழியிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, படித்துக் காட்டி, ஒரு நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும் நிர்வாகத்தின் வேலையே. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பெண்ணால் எழுத்தில் தர முடியாவிட்டால் குழுவே அதற்கு உதவ வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அன்றைய தினமே கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடுகிறது. விரல்ரேகை வருகைப் பதிவு, ஷிப்ட் சீட்டு, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிற்பாடு அதிகாரி கேட்கும்போது 'அழிஞ்சு போச்சுங்க' என்று சொன்னால், தானாக அழிந்ததா, அழியவிட்டீர்களா என்பதே அடுத்த கேள்வியாக வரும். குற்றமற்ற மேற்பார்வையாளர் ஒருவரைக் காப்பாற்றக்கூடிய ஆதாரமும் அந்தப் பதிவில்தான் இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

புகார்ப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த பெட்டிகளில் பலவும் மேலாளர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தன. பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். சாவியைத் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரிடமும் கொடுங்கள்.

3. புகார் சொன்னவரை நகர்த்தாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு இது.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஊரில் சிலர் பள்ளிக்கே வந்து தகராறு செய்தார்கள். அங்கே முதலாளி யார்? அரசு. அந்த முதலாளி முதலில் என்ன செய்தது? வட்டார வளர்ச்சி அலுவலர் அந்தச் சமையலரை வேறு பள்ளிக்கு மாற்றினார். பிரச்சினையை உண்டாக்கியவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், பாதிக்கப்பட்டவர் மூட்டை கட்டினார். போராட்டம் வெடித்தபின் மாற்றல் ரத்தாகி, அவர் அதே பள்ளிக்குத் திரும்பினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, ஏழு ஆண்டுகளுக்குப் பின் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. மாற்றல் உத்தரவு போட்ட அலுவலகத்தில் யாருக்கும் அந்தப் பெண்மேல் பகை இருந்திருக்க வேண்டியதில்லை. 'இப்போதைக்குக் கூட்டம் கலையட்டும்' என்று நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பே ஒரு பெண்ணைத் தண்டித்துவிட்டது.

இடமாற்றத்தைச் சட்டமும் ஒரு வழியாக வைத்திருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகாரில், பாதிக்கப்பட்டவர் எழுதிக் கேட்டால் அவரையோ எதிர்த்தரப்பையோ மாற்றலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கொடுக்கலாம். 'அவர் கேட்டால்' என்பதுதான் அதன் உயிர். கேட்காதவரை மாற்றினால் அது பழிவாங்கல்.

பழிவாங்கல் என்றதும் டிஸ்மிஸ் ஆர்டர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மண்ணில் அதற்கு வேறு உருவங்கள் உண்டு. விடுதியோடு கூடிய நூற்பாலையில் ஒரு பெண் புகார் சொன்னால் மெமோ கொடுக்க மாட்டார்கள். அவள் அப்பாவுக்குப் போன் போகும். "உங்க பொண்ணு இங்க சரியில்லீங்க, வந்து கூட்டிட்டுப் போயிருங்க." அந்த ஒரு வாக்கியம் ஊரில் என்ன செய்யும் என்று போன் செய்பவருக்கு நன்றாகவே தெரியும். படிப்பு, வேலை, கல்யாணப் பேச்சு எல்லாவற்றின்மீதும் அது விழும். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தண்டனை அது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளுக்குப் போனால் அங்கே ஆயுதம் முன்பணம். தார் சுற்றும் பெண் ஒரு குறை சொன்னால், தறி ஓட்டும் அவள் புருஷனைக் கூப்பிட்டு, "பாக்கியக் கட்டிட்டு ரெண்டு பேரும் போயிருங்க" என்பார்கள். கட்ட முடியாது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கடனைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு கூலிக் குறை அப்படித்தான் கோட்டாட்சியர் விசாரணையாக வளர்ந்து நிற்கிறது.

ஆகவே நான் நிர்வாகங்களுக்குச் சொல்லும் யோசனை இது. புகார் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்தத் தொழிலாளியின் ஷிப்ட், வேலை இடம், வார விடுமுறை, அவுட்பாஸ், வீட்டுக்குப் போன அழைப்பு, முன்பணக் கணக்கு ஆகிய எதிலும் ஒரு மாற்றம் என்றால் மேலாளர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுத வெட்கப்படுகிற காரணமாக இருந்தால் அந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது.

4. விசாரணை அவசரப்படவும் கூடாது, ஆறப் போடவும் கூடாது. பாலியல் துன்புறுத்தல் சட்டம் 90 நாள் கொடுக்கிறது. அறிக்கைக்குப் பின் நடவடிக்கைக்கு 60 நாள். எதிர்த்தரப்புக்குப் புகார் நகல் ஏழு வேலை நாளுக்குள் போக வேண்டும், அவர் பதில் தர பத்து வேலை நாள் உண்டு. இந்த இடைவெளிகளைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே 12 அன்று கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பாருங்கள். அடுத்தடுத்து அமர்வுகளை அவசரமாக நடத்தி முடித்தார்கள் என்பதாலேயே பணிநீக்கம் ரத்தாகி, விசாரணை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. புகார் சொன்ன பெண்களுக்கும் அது நீதி ஆகவில்லை. சாட்சி கிடைக்காமல் போன புகாரைப் பொய்ப் புகார் என்று முத்திரை குத்துவதையும் சட்டம் அனுமதிப்பதில்லை.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு கிடையாது. பள்ளிபாளையத்தில், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. முதலாளிமீதே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும். அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்.

5. எது பாகுபாடு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புகாரைக் கையாள முடியாது. பால் சார்ந்த தொல்லை மட்டுமே பாகுபாடு என்று பல மேலாளர்கள் நினைக்கிறார்கள். தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு ஒரு வேலையை மறுப்பதும், வேலையில் தடை போடுவதும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலேயே குற்றம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்திலும் இது இருக்கிறது. தனியார் ஆலைக்கும் இது பொருந்தும். அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் திருத்தம் வந்துவிட்டது. புலன்விசாரணை செய்ய வருபவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. 'முதல்ல நாங்க உள்ளுக்குள்ள விசாரிச்சு முடிக்கறோம், அப்புறம் ஸ்டேஷனுக்குப் போம்மா' என்று சொல்கிற மேலாளர் தன்னையே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் பக்கம் கிழங்கு ஆலையிலும், நாமக்கல் கோழிப்பண்ணையிலும் 'ஆம்பளைக் கூலி, பொம்பளைக் கூலி' என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் கூலி வித்தியாசம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை 1987-லேயே உச்ச நீதிமன்றம் உடைத்துவிட்டது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனம் பெண் சுருக்கெழுத்தாளர்களைத் தனிப் பிரிவாக்கிக் குறைந்த சம்பளம் கொடுத்தது. செய்யும் வேலை ஒன்றானால் சம்பளமும் ஒன்றே என்று தீர்ப்பானது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நீங்களே ஒரு சம்பளப் பட்டியலை ஆண், பெண் என்று இரண்டு நிறத்தில் குறித்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

லாரித் தொழிலின் மையமான நாமக்கல்லுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. இருப்பதால் ஒரு ஓட்டுநரை வேலையைவிட்டு நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் இதற்கென்று ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். நாமக்கல் அந்த நோயின் பேரால் எவ்வளவு இழிவு சுமந்தது என்பதை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த அலுவலரின் பெயர் எத்தனை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் சுவரில் இருக்கிறது என்று நாளைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

6. உங்கள் காண்ட்ராக்டர் பேசுவது உங்கள் பேச்சு. 2024 ஜூன் மாதம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. உடனே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் 5-ஆவது பிரிவைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதிகாரிகள் ஆலைக்கே போனார்கள். புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் மணமானவர்கள் என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளின் விளம்பரங்களில் வயது, பால், திருமண நிலை என்று வெளிப்படையாகவே அச்சாகி இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஏஜென்சிகளிடம் அவற்றை நீக்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. அந்த விளம்பரங்களை நிறுவனம் முன்பே படித்துப் பார்த்திருந்தால் விசாரணை என்ற அளவுக்குப் போயிருக்காது.

நம் பகுதிக்கு இந்தக் கதை புதிதில்லை. 'கல்யாணம் ஆகாத பொண்ணுங்க மட்டும்' என்று மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, முடிவில் ஒரு தொகை என்று ஆசை காட்டி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் ஊர் ஊராக ஆளெடுத்த காலத்தை நாம் கண்டோம். தாலியைப் பார்த்து வேலை கொடுப்பதும் மறுப்பதும் பாகுபாடு என்று அப்போது நம்மில் பலருக்குத் தோன்றவில்லை. ஏழைப் பெண்ணுக்கு உதவி என்றே பேசினோம். நானும் அப்படிப் பேசியவள்தான். அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்கக் கூடாது என்று நினைத்தேன்.

7. இப்போது ஜீப் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய சம ஊதியச் சட்டம் ஊதியத் தொகுப்புக்குள் போய்விட்டது. இன்ஸ்பெக்டருக்கு 'ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்' என்று பொருள்படும் புதுப் பெயர். ஊதியத் தொகுப்பின்படி, முதல் தவறுக்கு வழக்குப் போடும் முன், குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லி அவர் எழுத்தில் வாய்ப்புத் தர வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அதே தவறு திரும்பினால் அந்த வாய்ப்பு இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், அதில் பெண்கள் எண்ணிக்கை தொழிலாளர்களில் அவர்கள் விகிதத்துக்குக் குறையக் கூடாது, 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சரிசெய்துகொள்ளத் தரும் அந்த வாய்ப்பு நேர்மையாகத் தவறியவருக்குத்தான் பயன்படும், மறைப்பவருக்குப் பயன்படாது.

அதிகாரி வரும் தகவல் கசிந்ததும் வயது குறைந்தவர்களையும் காண்ட்ராக்ட் ஆட்களையும் வேனில் ஏற்றிப் பின்பக்கக் கேட் வழியாக அனுப்பும் பழக்கம் இருக்கிறது. தொழிலாளியை ஆய்வாளர் கண்ணில் படாமல் மறைப்பதற்கே பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 95-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை வைத்திருந்தது. இரவோடு இரவாகப் பதிவேடு எழுதுவது இன்னொரு பழக்கம். அதைப் பற்றி முன்பே சொன்னேன். மூன்றாவது, தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, என்ன பேச வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுப்பது. பத்துப் பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் எந்த அதிகாரிக்கும் புரிந்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரே ஒருவர் அதிகாரியுடன் இருக்கட்டும். கேட்ட ஆவணத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்கட்டும். இல்லாததை இல்லை என்று சொல்லட்டும். தொழிலாளியிடம் அதிகாரி தனியாகப் பேச ஒரு அறை கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் அந்த வராந்தாவில்கூட நிற்காமல் இருக்கட்டும். உள் விசாரணை நடத்தியவரையே வழக்காட வக்கீலாக வைக்காதீர்கள். உண்மையைத் தேடியவர் வேறு, உங்களுக்காக வாதாடுபவர் வேறு என்று இருந்தால்தான் உங்கள் அறிக்கையை வெளியார் நம்புவார்கள்.

8. கடைசியாக, புகார் கூடுவதைக் கண்டு பயப்படாதீர்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த, பட்டியல் சாதியைச் சேர்ந்த இருபது வயதுப் பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பல மாதமாகவே அவர் அந்தப் பெண்ணைத் துன்புறுத்தி வந்ததாகக் குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். வாய் திறக்கப் பயந்த மற்றப் பெண்கள் அதன்பிறகே பேசத் தொடங்கினார்கள். அந்த ஆலைக்கு ஒரு முதல் நாள் இருந்திருக்கும். அந்த நாளில் யாரோ ஒருவர் காது கொடுத்திருந்தால் என்ற நினைப்பு இதைப் படித்த நாளிலிருந்து என்னைவிட்டுப் போகவில்லை.

2022 ஏப்ரலில் அங்கே திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று உலகம் அறிந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. தலித் பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனம், இரண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள் அதில் இருந்தன. பால், சாதி, வெளியூர் ஆள் என்ற மூன்று வகைப் பாகுபாட்டையும் அது தடை செய்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவருக்கு எந்தத் தீங்கும் வரக் கூடாது என்பது விதியானது. அந்த ஜூலை 29 அன்று அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவிட்டது. அதைவிடப் பெரிய அரசு விசாரணை ஓர் ஏற்றுமதியாளருக்கு வர முடியாது. ஆலையில் ஏற்கெனவே நடந்திருந்த மாற்றங்களுக்கு ஆதாரம் காட்டிய பின், செப்டம்பர் 7 அன்று, ஆறே வாரத்துக்குள் தடை விலகியது. இப்படிப்பட்ட தடைகள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுதான் வழக்கம். இந்த ஆலையின் கையில் காட்டுவதற்கு உண்மையான பதிவு இருந்தது.

முதல் ஆண்டில் அங்கே 185 குறைகள் பதிவாயின. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. 185 என்றதும் இங்கே முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். ஐயா, அந்த 185-க்கு முந்தைய ஆண்டுகளில் அந்த ஆலையில் குறையே இல்லை என்றா நினைக்கிறீர்கள்? சொல்ல ஆளில்லை, வாங்க ஆளில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாமக்கல் ஆலைக்கு வருகிறேன். எங்கள் குழு அறிக்கை கொடுத்தது. மேற்பார்வையாளர்மீது நடவடிக்கை வந்தது. வேஸ்ட் ரூம் வேலைக்கு வாராவாரம் சீட்டுப் போட்டுப் பெயர் எடுத்து, அந்தச் சீட்டை ஷிப்ட் தொடங்கும் இடத்திலேயே ஒட்டுவது என்று முதலாளி தாமாகவே ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். சுவரில் சீட்டு இருந்தது, ஓரமெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தப் பெண் ஃப்ரேம் பக்கம் நின்று அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இன்னும் டயரி எழுதுகிறாயா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். புது வருடத்து டயரி. அன்றைய தேதி வரைக்கும் எழுதியிருந்தது.